கிராணி வீட்டு வாசலில் நான் சைக்கிளை விட்டு இறங்கிய விவரம்

புக்கிட் ரோத்தான்,
திங்கட்கிழமை.

அம்பாங் பெச்சாவில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் நடராஜா அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் புனிதன் அடுப்படி மேசையருகே நின்றுகொண்டே எழுதுவது. உட்கார முடியவில்லை, காரணம் கீழே வரும். இங்கே உங்கள் தங்கை அன்னம்மா சுகம், மகள் மாதவி சுகம், நானும் இடுப்புக்கு மேலே சுகம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருக்கவும், உங்கள் சர்க்கரை சொன்ன பேச்சு கேட்கவும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

"போன்ல கேட்டா நீ மழுப்புவ, எல்லாத்தையும் எழுத்துல குடு" என்று சொன்னீர்கள். தோட்டத்து யூனியனில் அத்தனை வருஷம் செயலாளராக இருந்தவர் வேறு எப்படிக் கேட்பீர்கள். ஆகையால் எழுத்தில் தருகிறேன். மாதவிக்கும் பல் டாக்டர் துரைசிங்கத்தின் மகன் நிமலுக்கும் கல்யாணப் பேச்சு எடுத்தபோது நீங்கள் ஒரே வாக்கியத்தில், "கிராணி வீட்டுச் சம்பந்தம் நமக்கு வேணாம்" என்றீர்கள். டாக்டரின் தாத்தா, உலு யாம் பக்கம் நீங்களும் நானும் பிறந்த அதே தோட்டத்தில் ஆபீஸ் கணக்கையும் கூலிப் பேரேட்டையும் கையில் வைத்துக்கொண்டு அதிகாரம் செய்த பெரிய கிராணி என்பதை நீங்கள்தான் விசாரித்துக் கண்டுபிடித்தீர்கள். நான் தலையைச் சொறிந்ததும், "சரி, அந்தாளோட ஒரு நாள் முழுக்க இருந்து பாரு. நம்மள எப்படிப் பாக்குறாருன்னு தெரிஞ்சிக்க. எழுதி அனுப்பு, நான் முடிவு சொல்றேன்" என்றீர்கள். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் இந்த வீட்டில் கல்யாணம் இல்லை என்று உங்கள் தங்கை சாமிப் படத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். மாதவியோ வேலை முடிந்து வந்து, தட்டில் சோற்றைக் கிளறிவிட்டு, அறைக்குள் போய்விடுகிறாள். ஆக இந்தக் கடிதத்தில்தான் என் பிள்ளையின் வாழ்க்கை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பொய் எழுதமாட்டேன்.

ஒரு நாள் முழுக்க ஒரு பல் டாக்டரோடு எப்படி இருப்பது? என் பல்லில் அவ்வளவு வேலை கிடையாது. அவரே வழி காட்டினார். "நீங்கள் சைக்கிள் ஓடுவீங்களோ?" என்று கேட்டார். "தெனமும்" என்றேன். அது உண்மை. தினமும் காலையில் முனைக் கடைக்குக் காபி குடிக்கப் போகிறேன், போக அரை மைல், வர அரை மைல். "அப்ப நல்லதாப் போச்சு" என்று என் பெயரைப் பதிந்துவிட்டார். எதில் பதிந்தார் என்று அப்புறம்தான் மாதவி தன் போனில் படித்துச் சொன்னாள். மூன்று பேர் குழு. மலைச் சைக்கிள். செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு சுற்று பதினொரு கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்குள் நாலு சுற்று. மூவரும் ஒன்றாகவே ஓட்ட வேண்டும், ஒன்றாகவே கோட்டைத் தாண்ட வேண்டும், ஒருவர் பிந்தினாலும் மூவருக்கும் பதக்கம் கிடையாது. டாக்டர், நிமல், நான். எனக்கு அறுபத்தொன்று நடக்கிறது மச்சான், பழம் ஏற்றும் லோரியில் முப்பது வருஷம் உட்கார்ந்தே சம்பாதித்தவன். இதெல்லாம் எந்தத் தோட்டத்தில் என்று கேட்டேன். நம் தோட்டத்தில்.

நிமல் தன் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் கியர் மட்டும் இருபத்து நாலு, மணி ஒன்றுகூட இல்லை. மணி இல்லாத சைக்கிளில் நான் ஏறமாட்டேன் என்று என் சைக்கிளின் மணியைக் கழற்றி அதில் மாட்டினேன். பிறகு பின்பக்கம் தலையணை வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்று கொடுத்தான். உங்கள் தங்கை பார்த்துவிட்டு, "இந்தக் கோலத்துல சம்பந்தி முன்னால நின்னீங்கன்னா எங்கண்ணன் வேணாங்கறதுக்கு முன்னாடி அவங்களே வேணாம்னுடுவாங்க" என்றாள். அதனால் மேலே கைலி கட்டிக்கொண்டு போனேன். தொடங்கும் இடத்தில் நின்ற மலாய்க்காரப் பையன் என் கைலியையும் சைக்கிள் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்து, "பாக்சிக், புக்கா" என்றான். இருநூறு பேர் முன்னால் கழற்றினேன். எதற்காக? பெண்ணைப் பெற்றதற்காக.

இதற்கிடையில் உங்கள் தங்கை சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் கிளம்பிவிட்டாள். இரண்டு சைக்கிளுக்கு வைத்து முடிக்கும்போதே ஊதி விட்டார்கள். எல்லாரும் பறந்துவிட்டார்கள். அவள் மூன்றாவது சைக்கிளுக்குச் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தாள். அது டாக்டரின் சைக்கிள். வேண்டாம் என்று கையசைத்திருக்கலாம், வேறு யாராவது என்றால் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவர் சூடம் அணையும் வரைக்கும் நின்று, பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கிவிட்டு, "இனிப் போகலாமோ தங்கச்சி?" என்று கேட்டார். போட்டி தொடங்கும்போதே நாங்கள்தான் கடைசி. நீங்கள் எழுத்தில் கேட்டதால் இதையும் எழுதுகிறேன்.

முதல் சுற்றில் மழைநீர் நின்ற சேறு, செம்பனை ஓலைக் குவியல், பாலம் என்ற பெயரில் இரண்டு பலகை. நான் விழுந்தது மூன்று தடவை. அது பெரிய விஷயமில்லை, நான் சொல்ல வந்ததே வேறு. ஆபீஸ் மேட்டில் அந்தத் தூங்குமூஞ்சி மரம் ஞாபகம் இருக்கிறதா? மரம் அப்படியே இருக்கிறது. வளைவு திரும்பினால் கிராணி வீடு. படி இருக்கிறது, வெராந்தா இருக்கிறது, கூரை பாதி இல்லை, உள்ளே உரமூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். டாக்டர் முன்னால் போய்க்கொண்டே கையைக் காட்டி, "அதுதான் என்ர தாத்தா இருந்த வீடு. பின்னேரத்தில அந்த விறாந்தையில இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறவராம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த நேரத்தில் நான் சைக்கிள் மேல் இல்லை. இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நான் இறங்கவில்லை மச்சான், என் கால் இறங்கியது. மரத்தைப் பார்த்ததும் கை பிரேக்கைப் பிடித்தது, கால் தரையில் நின்றது. உங்களுக்குத் தெரியாததா. துரை வீட்டு முன்னாலும் கிராணி வீட்டு முன்னாலும் தொழிலாளி சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது என்ற சட்டம் நாம் பிறப்பதற்கு முன்பே ஒழிந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் ஒழியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கேரியரில் வைத்துக் கொண்டுபோகும்போது அந்த மரத்தடியில் நிறுத்தி, "எறங்கு" என்பார். இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு அந்த வீட்டைக் கடப்போம். வெராந்தாவில் ஆள் இருந்தாலும் சரி, நாற்காலி மட்டும் இருந்தாலும் சரி. பதினெட்டு வயதில் அந்த இடத்தை விட்டு வந்தவன், இத்தனை வருஷம் கழித்து முதல் தடவையாக அந்த வழியில் சைக்கிள் ஓட்டுகிறேன். கால் மறக்கவில்லை.

"அங்கிள், செயின் கழண்டுச்சா?" என்று நிமல் திரும்பி வந்தான். ஆமாம் என்றேன். இரண்டாவது சுற்றில் இறங்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். இறங்கினேன். இந்தத் தடவை டாக்டரும் பார்த்துவிட்டார். சுளுக்கு என்றேன். இரண்டு பேரும் என்னைப் புல்லில் படுக்க வைத்து, கெண்டைக்காலில் ஏதோ மருந்தைப் பீய்ச்சி, ஆளுக்கு ஒரு காலாக நீவிவிட்டார்கள். பெரிய கிராணி பேரன் என் காலை மடியில் வைத்து, அவர் தாத்தா வீட்டு வாசலில். அப்பா பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

மூன்றாவது சுற்றிலும் நான் இறங்கியபோது டாக்டர் தன் சைக்கிளை நிறுத்திவிட்டு, "உங்கட கால் ஏன் இந்த இடத்தில மட்டும் பிடிக்குது?" என்று கேட்டார். அவர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் எங்கிருந்தோ ஆத்திரம் வந்துவிட்டது. "சுளுக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல டாக்டர். எங்கப்பா இந்த வாசல்ல ஒரு நாளுகூட சைக்கிள்ல ஒக்காந்து போனதில்ல. ஒங்க தாத்தா இருந்தப்பவும் எறங்குனாரு. ஒங்க தாத்தா செத்து, வேற கிராணி வந்து, அவரும் போனப்புறமும் எறங்குனாரு. பின்னால ஒக்காந்திருந்த நானும் எறங்குனேன். இன்னிக்கும் எறங்குறேன். இவ்வளவுதான்" என்று கத்திவிட்டேன். நிமல் தரையைப் பார்த்தான். கல்யாணம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு முடிவு சொல்லும் வேலையே இருக்காது என்றும் நினைத்தேன்.

தண்ணீர் கொடுக்கும் இடத்தில் டாக்டர் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்தார், பாதியை என்னிடம் நீட்டினார். "எங்கட வீட்டில அந்த விறாந்தையைப் பற்றி எத்தனையோ கதை சொன்னவை. ரோட்டால போனவையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல" என்றார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். கேட்கவில்லை. பழம் புளித்தது.

நாலாவது சுற்றில் நிமல் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "டாடி, டைம் இருக்குலா, ஸ்டெடியா போனா மெடல் கன்ஃபர்ம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பதக்கத்தை மாதவி கழுத்தில் போடுவதாகச் சொல்லியிருந்தானாம், பின்னால் தெரிந்தது. தூங்குமூஞ்சி மரம் வந்தது. எனக்கு முன்னால் டாக்டர் இறங்கிவிட்டார். இறங்கி ஓரமாக நின்றுகொண்டு, "நீங்கள் இறங்காதேங்கோ. போங்கோ" என்றார். என் கால் இறங்கப் பார்த்தது, நான் விடவில்லை. அழுத்தி மிதித்தேன். அந்தப் படி, அந்த வெராந்தா, எல்லாம் சைக்கிள் மேலிருந்து பார்க்கும்போது இவ்வளவு சின்னதா என்று இருந்தது. அப்பா நினைப்பு வந்தது. அழுதேன் மச்சான். இதையும் எழுத்தில் கொடுக்கிறேன்.

வீட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், அந்த மனிதர் மூட்டுவலிக் காலோடு சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வருகிறார். பின்னால் மகனும் இறங்கி நடக்கிறான். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்கு வந்திருக்குமோ என்னவோ. எனக்கு எரிச்சல்தான் வந்தது. திரும்பிப் போனேன். "எங்கப்பா எறங்குனது போதும் டாக்டர். இப்ப நீங்களும் எறங்குனா இந்த வீட்டுக்குத்தான் பெருமை. ஏறுங்க" என்றேன். "அங்கிள், டைம்" என்றான் நிமல். "டைம் கெடக்குது, மரத்துக்கிட்ட போ" என்று இரண்டு பேரையும் மரம் வரைக்கும் திருப்பிக் கொண்டுபோனேன். அங்கிருந்து மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில், ஒருவரும் இறங்காமல், அந்த வாசலைக் கடந்தோம். நான் மணியடித்தேன். செயலாளர் ஆன அன்று நீங்கள் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டே அந்த வீட்டை மூன்று தடவை சுற்றினீர்களே, அந்த ஞாபகத்தில் விடாமல் அடித்தேன். உரமூட்டை மேல் படுத்திருந்த வங்காளதேசத்துத் தம்பி எழுந்து கையாட்டினான்.

ஆறு மணி நேரம் முடிந்து மூன்று நிமிஷம் கழித்துக் கோட்டைத் தாண்டினோம். பதக்கம் இல்லை. நிமல் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து முதலில் என் சைக்கிளைத்தான் கழுவினான்.

நீங்கள் கேட்டது, அவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்று. குறை சொல்ல வேண்டுமென்றால் சொல்கிறேன். தன் சைக்கிள் எடை எத்தனை கிராம் என்று மூன்று தடவை சொன்னார். உங்கள் தங்கை கட்டிக் கொடுத்த சம்பலில் மிளகாயைப் பொறுக்கி ஓரம் வைத்தார். தாத்தாவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பாதிதான், மீதியை என் வாயால் கேட்டபோது மறுத்துப் பேசவில்லை. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. ஒரு நாளில் ஒரு மனிதனை எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவு பார்த்தேன். மாதவியைப் பெற்றவன் நான் என்றாலும் மாலை உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், நான் மறு பேச்சு பேசமாட்டேன். சைக்கிளும் இந்த ஜென்மத்தில் இனித் தொடமாட்டேன்.

பெரியவர்கள் உங்களுக்கும் அக்காவுக்கும் எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மாத்திரையை நேரத்துக்குப் போடவும்.

இப்படிக்கு,
நின்றபடியே கையெழுத்துப் போடும்,
புனிதன்.

பின்குறிப்பு, புதன்கிழமை: மறு பேச்சு பேசமாட்டேன் என்று மேலே எழுதியதைக் கண்டுகொள்ள வேண்டாம். உறை ஒட்டுமுன் உங்கள் தங்கை வாங்கிப் படித்தாள், நேரே போய் ஐயரிடம் நாள் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த மாதம் பதினாறு, ஞாயிறு, தட்டு மாற்றுகிறோம். மாதவி நேற்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். மாலையோடு வாருங்கள். சைக்கிளைத் தொடமாட்டேன் என்றதும் பொய். நவம்பரில் உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு போட்டி இருக்கிறது, புது மாப்பிள்ளையைச் சேற்றில் இறக்க உங்கள் தங்கை விடமாட்டாள், எங்களுக்கு மூன்றாவது ஆள் வேண்டும், உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டோம். போட்டிக்கு முந்தின சனிக்கிழமை பயிற்சிக்காக டாக்டரும் நானும் உங்கள் வீட்டு வழியாக வருவோம். "அவர் வாசல்ல நிண்டால் நாங்கள் இறங்கோணுமோ?" என்று டாக்டர் கேட்டார். எங்கள் மச்சான் வீட்டு வாசலில் யாராவது இறங்கினால் அவருக்குக் கெட்ட கோபம் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா காபி போட்டிருந்தால் மட்டும் இறங்குவோம்.