நலங்குக் கூடத்துக்குத் திருப்பிவிட்ட மின்சாரம்

அந்தக் காலத்தில் கல்யாணப் பெண்ணின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிறவன் மாப்பிள்ளைதான். சமையல்காரர் பார்த்திருப்பார், மேளக்காரர் பார்த்திருப்பார், பந்தல் போட்டவர்கூடப் பார்த்திருப்பார். நான் தாலி கட்டும்போது என் கண்ணில் பட்டது குனிந்த தலையும் அதன்மேல் ஒரு கூடைப் பூவும்தான். (பூவுக்குத்தான் தாலி கட்டினேன் என்று யாராவது சொல்லியிருந்தால் என்னால் மறுத்திருக்க முடியாது.) சிவகாமி என்ற பெயர் மட்டும் தெரியும்.

மாமனார் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். நான் திருநெல்வேலியில் கல்லூரிக்குப் போனவன். மின்சாரத்தைப் பற்றி ஒரே ஒரு அத்தியாயம் வாசித்துவிட்டு, நிச்சயதார்த்தத்தன்று அவரிடம் பெரிய இஞ்சினியர் தோரணையில் பேசித் தொலைத்திருந்தேன். மனிதர் குளிர்ந்துபோனார். பஞ்சாலை வைத்திருந்த தம் சிநேகிதரிடம் சொல்லி, கல்யாணத்தின் இரண்டாம் நாள் நலங்குக்கு ஓர் ஆயில் எஞ்சினையும் டைனமோவையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். கூடவே எஞ்சின் ஓட்ட ஆறுமுகம் அண்ணாச்சியும் வந்தார்.

தொழுவத்தில் மாடுகளை வெளியேற்றிவிட்டு எஞ்சினை நிறுத்தினார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் பலகை. அதில் அளவு காட்டும் ஒரு முள், ஒரு சின்னச் சக்கரம், நான்கு செப்புப் பிடிகள். டைனமோவில் பிறக்கும் மின்சாரம் இந்தப் பலகைக்கு வந்து, இங்கிருந்து தெரு, அடுக்களை, பந்தல், நலங்குக் கூடம் என்று நான்காகப் பிரிந்து போகும். அந்தி சாயும் நேரத்தில் அண்ணாச்சி ஒவ்வொரு பிடியாகத் தள்ளினார். வீடு மெல்ல மெல்லப் பொன்னிறமாக மலர்ந்தது. விளக்கு வைத்தாயிற்று என்று எல்லோரும் கைகூப்பினார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் அத்தனை வெளிச்சமும் இறங்கி நடுங்கியது. நான் ஏதோ தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல நின்றேன்.

பந்தலில் பந்தி தொடங்கியது. தேங்காய்ப்பாலில் வைத்த சொதிச் சாப்பாடு. மாமனார் வந்து ஆறுமுகம் அண்ணாச்சியின் கையைப் பிடித்து இழுத்தார். அண்ணாச்சி எஞ்சினைப் பார்த்தார், சொதி வாசம் வந்த திக்கைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"மாப்ளை, முள்ளு செவப்புக் கோட்டத் தாண்டுனா இந்தச் சக்கரத்தப் பைய எடப்பக்கமாத் திருப்புங்க. பிடிய மட்டும் தொட்டுராதிய."

தொழுவத்திலிருந்து பார்த்தால் கூடத்தின் ஜன்னல் நேராகத் தெரியும். சிவகாமியை அழைத்துவந்து மணையில் உட்கார வைத்தார்கள். தலைக்குமேல் நான்கு பல்புகள். அந்தக் காலத்துப் பல்பின் வெளிச்சம் மஞ்சள் கரைத்த தண்ணீர்தான். அதில் மறுபடியும் பூ தெரிந்தது, நிழல் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

நாங்கள் நஞ்சைக்காரர்கள். நம் வயலுக்குத் தண்ணீர் போதாவிட்டால் மற்ற மடைகளை அடைக்க வேண்டும், எல்லாம் நம் பக்கம் பாயும். இது எனக்குப் பிறவியிலேயே தெரிந்த விஷயம். மின்சாரமும் ஓடி வருகிற சரக்குதானே? (அடுத்த அத்தியாயத்தையும் வாசித்திருக்கலாம்.)

தெருவின் பிடியை இழுத்தேன், தெரு அணைந்தது. கூடத்தில் வெளிச்சம் கூடியது, சத்தியமாகக் கூடியது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நான் முள்ளையா பார்த்துக்கொண்டிருந்தேன்? அடுக்களையின் பிடியை இழுத்தேன். கூடம் வெளுத்தது. அவள் கழுத்து மணிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. எஞ்சின் துடிப்பது எனக்குள்ளேயே கேட்டது. அவள் மோவாய் மெல்ல அசைந்தது, நிமிரப்போகிறாள். பந்தலின் பிடியையும் இழுத்துவிட்டேன்.

சுமை முழுக்க இறங்கிய எஞ்சின் தறிகெட்டு ஓடியது. மிச்சமிருந்த நான்கு பல்புகளின் தலையில் அவ்வளவு வேகமும் போய் விழுந்தது. ஒரு கணம் கூடம் பட்டப்பகல். அந்தப் பகலில் நான் பார்த்தது, கண்கூசி முகத்தை மூடிக்கொண்ட இரண்டு கைகளை. அடுத்த கணம் பட்பட்டென்று நான்கும் போயின. வீடு முழுக்க இருட்டு.

பந்தியில் அத்தனை பேரும் இலையில் கைவைத்தபடி உறைந்தார்கள். கூடத்துக்குள்ளிருந்து என் அத்தையின், அப்பாவுடைய அக்காவின், குரல் வந்தது.

"நல்ல காரியத்துல வெளக்கு எல்லாம் ஒண்ணா அவிஞ்சு போச்சே. நாளைக்கு இவளக் கூட்டிட்டுப் போவ வேண்டாம். எனக்கு மனசு சரியில்ல."

அத்தை சொல்லை என் அப்பா தட்டியதே இல்லை. சிவகாமியின் அம்மா விம்முவது கேட்டது. இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டால் வாழாவெட்டி என்று பெயராகிவிடும். எஞ்சின் கோளாறு என்று சொல்லலாம். எஞ்சின் கெட்டதும் அவள் ராசிதான் என்பாள் அத்தை. வேறு வழியில்லை. பட்டு வேட்டியெல்லாம் எண்ணெய்க் கறையோடு கூடத்துக்குள் ஓடினேன்.

"அத்தை, வெளக்கு தானா அவியல. நாந்தான் அவிச்சேன். அவ மொகத்த நல்லாப் பாக்கணும்னு எல்லா மடையையும் அடச்சி வெளிச்சத்த இங்கன திருப்புனேன்."

பெண்டாட்டி பெயரையே நாலு பேர் முன்னால் சொல்லாத காலம் அது. நான் செத்தே போனேன். அப்போது பந்தல் இருட்டிலிருந்து என் மாமனார் நிதானமாகக் கேட்டார்:

"மாப்ளை, பாத்தாச்சா? பாத்தாச்சுன்னா மடையப் பந்திப் பக்கம் கொஞ்சம் தெறந்து விடுங்க. எலையில இருக்கது சொதியா ரசமான்னு தெரியல."

சிரிப்பு பந்தியின் கோடியில் ஆரம்பித்துக் கூடத்துக்குள் வந்து சேர்ந்தது. கடைசியில் அத்தையும் "வெக்கங்கெட்ட பய" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். மறுநாள் சிவகாமியை வண்டியில் கைபிடித்து ஏற்றியதும் அவள்தான்.

அன்று அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஆறுமுகம் அண்ணாச்சி எச்சில் கையோடு தொழுவத்துக்கு ஓடி, எஞ்சினை அடக்கி, பந்தலின் பிடியைத் தள்ளினார். முன்பே துண்டித்திருந்ததால் பந்தல் பல்புகள் பிழைத்திருந்தன. ஜன்னல் வழியாக வெளிச்சம் சாய்ந்து உள்ளே வந்தது. சிவகாமி தலையை நன்றாக நிமிர்த்தி, தன்னைப் பார்க்கத் துடித்த அந்த மகானுபாவனை ஆசைதீரப் பார்த்தாளாம். எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் சுவரைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அது அணைந்துபோனால் போதும், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இருட்டுக்குள்ளிருந்து ஒரே குரலில் "பாத்தாச்சா?" என்று கேட்கிறார்கள். எனக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. போன வாரம் சிவகாமி என் எதிரே வந்து உட்கார்ந்து, முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, அதே கேள்வியைக் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவள் மேஜை விளக்கைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.