நாலாம் கொட்டடி மாப்பிள்ளையை மாற்றிய விவரம்

அன்புள்ள அண்ணன் மகனுக்கு, கடவுள் கிருபையை முன்னிட்டு அத்தை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் மாமாவும் ஆராய்ச்சிப் பண்ணைக் குட்டைப் பன்றிகள் நாற்பத்திரண்டும் நலம். உன் நலம் திங்கட்கிழமைக்குப் பிறகும் நீடிக்க வேண்டுகிறேன். உட்கார்ந்து படி.

நீ சிபாரிசு பண்ணி வாங்கித் தந்த வேலையில் நான் குறை வைத்ததில்லை. கழுவுவது, தீவனம் வைப்பது, ஆணையும் பெண்ணையும் சேர்த்து விடுவது எல்லாமே டாக்டர் சீட்டுப்படிதான். நாலு மாசத்துக்கு முன்னாடி ஒருநாள் நாலாம் கொட்டடிக் கதவு அட்டையை நிதானமா படிச்சேன். சேர வேண்டிய ரெண்டுக்கும் ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே பிறந்தநாள். எனக்குப் பகீர்னு ஆச்சு. டாக்டரைக் கேட்டா, பன்னெண்டு தலைமுறையா இப்படித்தான்மா, ஒரே ரத்தமா இருந்தாத்தான் மருந்துச் சோதனை ஒரே மாதிரி வரும்னு சாதாரணமா சொல்றார். சொந்தத்துல கட்டினா பிள்ளைக்கு ஆகாதுன்னு என் மகளையே வேண்டாம்னவன் நீ. அத்தை மகளுக்கே அப்படின்னா கூடப்பிறந்தவளுக்கு? உன் பேச்சைக் கேட்டுத்தான்டா, சாமியைக் கும்பிட்டுட்டு, பெண்ணைச் சேர்த்து விடறதுக்கு முன்னாடியே நாலுல இருந்த ஆணை அஞ்சுக்கும், வெளியூர் வம்சத்துல வந்த அஞ்சாம் கொட்டடி ஆணை நாலுக்கும் மாத்தி விட்டேன். ரெண்டும் வெள்ளை, ஒரே உயரம். காதுல மாட்டின எண் வில்லையைக் கடிச்சுத் துப்பியாச்சு, கதவு அட்டைதான் அடையாளம்.

நாலாம் கொட்டடியில ஆறு குட்டி. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. நேத்து டாக்டர் ஆறுக்கும் ரத்தம் எடுத்தார். எதுக்குன்னேன். "இன்னும் எவ்வளவு வித்தியாசம் மிச்சமிருக்குன்னு பாக்கத்தான்மா. கொஞ்சம் இருக்கும், அது இயற்கை. வேத்து ரத்தம் கலந்திருந்தா என் பதினஞ்சு வருஷம் சாக்கடைக்குப் போச்சு" என்றார். யாரு பாக்கறாங்கன்னு கேட்டேன். "லேப்ல உங்க அண்ணன் பையன்தான்."

திங்கட்கிழமை அது உன் மேசைக்கு வரும். உண்மையை எழுதினா என் வேலையும், என்னைச் சேர்த்துவிட்ட உன் பேரும் போகும். பொய் எழுதினா அந்த மனுஷனோட பதினஞ்சு வருஷம் உள்ளுக்குள்ளயே அழுகும். பொய் எழுதுன்னு சொல்லமாட்டேன். எழுதாதேன்னு சொல்லவும் வாய் வரல. காலையில நானே டாக்டர்கிட்ட சொல்லிடப் போறேன். அவர் முகத்தை நினைச்சாலே சோறு இறங்கல.

நீண்ட ஆயுளும் நிலைத்த உத்தியோகமும் பெற ஆசீர்வதிக்கும்,
உன் அத்தை.

பி.கு.: டாக்டர் அறை வாசல்ல, என்கூட வேலை பாக்கற நெட்டைத் தம்பிகிட்ட அழுதே சொல்லிட்டேன். அவர் என்னைவிட வெளுத்துப்போனார். நாலாம் கொட்டடி அவர் கழுவறது, அஞ்சு நான் கழுவறது. நாலுல இருந்த ஆண் கடிக்குதுன்னு, நான் மாத்தினதுக்கு முந்தின நாளே ரெண்டையும் இடம் மாத்தி, கடிக்கிறதை என் தலையில கட்டியிருக்கார். "அப்புறமும் எப்படிக்கா எனக்கே கடி விழுதுன்னு நாலு மாசமா மண்டை காயறேன்" என்கிறார். ஆக, நான் மாத்தினதுல ரெண்டும் அதது பழைய இடத்துக்கே திரும்பிடுச்சு. குட்டிங்க சுத்தமான ஒரே ரத்தம், நீ தைரியமா உண்மையை எழுது. பிரிஞ்சிருந்த அண்ணனையும் தங்கச்சியையும் சேர்த்து வெச்சது நான்தான்னு ஆகிப்போச்சு. டாக்டருக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. சாமிகிட்ட என்ன சொல்லட்டும்னு மட்டும் எழுது.