பன்னிரண்டாம் வீட்டுத் தாளில் ஒரு திருத்தம்

ஆம்பூர்
14.2.1983

பெருமதிப்புக்குரிய பேராசிரியை தேவகிருபை அம்மையார் அவர்களுக்கு,

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவன் பணிவோடு எழுதிக்கொள்வது. வேலூரில் தாங்களும் தங்கள் மாணவிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

முதலில் ஒரு வெட்கக்கேடு. எட்டாவது வரை படித்த எனக்கு எழுதிப் பழக்கமானது லீவ் லெட்டர் ஒன்றுதான். இதற்கு முன் எழுதிய தாளில் விஷயத்தை எல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கை போன போக்கில், 'ஆகவே இரண்டு நாள் விடுப்பு அளிக்கும்படி' என்று முடித்திருந்தேன். தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தேன்.

போன மாதம் நீங்கள் எங்கள் தெருவில் நாற்பது வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு போன பதில்கள் பெரும்பாலும் பொய். அதில் என் பங்கு ஜாஸ்தி. எங்கள் தெருவுக்குப் பெண் பார்க்க வருபவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுக்கிற வழக்கமில்லை. கொடுத்தால் சம்பந்தம் நின்றுவிடும், ஷாப்புக் கழிவு ஊறி அப்படி ஒரு உப்பு, அப்படி ஒரு நிறம், சோறே மஞ்சளாகத்தான் வேகும். மூன்று மைல் தள்ளி மஹபூப் பாஷா தோட்டத்திலிருந்து சைக்கிளில் நல்ல தண்ணீர் கொண்டுவருவோம். காலேஜ்காரர்கள் வருகிறார்கள் என்றதும் அதே மரியாதையை உங்களுக்கும் செய்தோம். விடியற்காலையில் ஆறு கேன் மிதித்தவன் நான்தான். உங்கள் மாணவிகள் குடித்துவிட்டு, "இளநீர் மாதிரி இருக்கு" என்று சொன்னபோது எனக்குப் பெருமைகூட வந்தது. குடிநீர் நன்று என்று நாற்பது தாளிலும் ஏறிப்போனது அப்படித்தான்.

எங்கள் மேஸ்திரி சுந்தரமூர்த்தி திருப்பத்தூரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. யார் யாருடைய பிள்ளை என்று அவருக்கு இன்னும் தெரியாது. "நல்லதா நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்கப்பா. எவனாவது தண்ணி, புண்ணுன்னு ஆரம்பிச்சா அப்புறம் ஷாப்பு பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டு, பீடியோடு என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். எதிரில் நீங்கள். உங்கள் பக்கத்தில் பென்சிலும் அட்டையுமாக உங்கள் மாணவி, என் மகள் பொன்மலர். அவள் என் மகள் என்று தெரிந்தால், காலேஜை நான்தான் வரவழைத்தேன் என்று மேஸ்திரி முடிவுகட்டிவிடுவார்.

"ஐயா, உங்க பேரு?" என்று கேட்டாள். பெற்றவனை ஐயா என்று கூப்பிட வைத்த படிப்பு! வாய்க்கு வந்தது என் மைத்துனன் பெயர், இன்பசேகரன். அவன் அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கிறான். ஆகையால் உங்கள் கணக்கெடுப்பில் ஒரு ரயில்வேக்காரர் சுண்ணாம்புக் குழியில் தோல் அலசிக்கொண்டிருக்கிறார். "கையில புண்ணு இருக்குதா?" இல்லை என்றேன், இரண்டு கையையும் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு. "பிள்ளைங்க எத்தனை?"

"இல்லீங்க" என்றேன்.

பென்சில் முனை ஒடிந்தது. நீங்கள் உங்கள் பேனாவைக் கொடுத்தீர்கள். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். எல்லாம் பென்சிலில் இருக்கும், கடைசியான நாலாம் கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்று இங்க்கில் இருக்கும். அவள் கையெழுத்து. பக்கத்து வீட்டு வஜீதா, சின்ன வயசில் இவளுக்கு மூக்கு சிந்திவிட்டவள், "தண்ணி குடிங்க மேடம்" என்று இவளிடமே டம்ளரை நீட்டினாள். இவள் என் மகள் என்று தெருவில் ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது அவள் பட்டத்துக்கான கட்டுரையில் கிணற்றையும், ஞானமுத்து என்கிற தொழிலாளியின் புண் கையையும், அது தன் அப்பா என்று மட்டும் சொல்லாமல், உள்ளபடி எழுதிவிட்டாள். அந்தத் தெருவில் அப்படி ஒரு ஆளே இல்லை, இது சொந்தக் கற்பனை, மாற்றி எழுதாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடியாது என்று நீங்கள் சொன்னீர்களாம். உங்கள் மேல் தப்பில்லை. சாட்சிக்கு என்னைக் காட்டினால் என் வேலை போய்விடும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் என்னிடம் சொல்லவில்லை, அவள் அம்மாவிடம் சொல்லி அழுதாள். பட்டம் போனாலும் மாற்றமாட்டாளாம். இந்தப் பிடிவாதம் மட்டும் என் பக்கத்தது அல்ல.

தயவுசெய்து அவள் எழுதியதை நம்புங்கள். என் பெயர் மட்டும் வெளியே வரவேண்டாம். படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

தாங்கள் குடிக்கும் தண்ணீர் என்றும் தித்திப்பாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

ஒரு தொழிலாளி

பி.கு. ஒட்டுவதற்கு முன் என் சம்சாரம் ஆரோக்கியமேரி வாங்கிப் படித்தாள். "பேரு இல்லாத லெட்டரை யாரு நம்புவாங்க? இதுக்கா ரெண்டு ராத்திரி உக்காந்து எழுதுன?" என்றாள். ஆகையால் மேலே கெஞ்சியதெல்லாம் ரத்து. கிழிக்க வேண்டாம். வகுப்பில் சத்தமாகப் படிக்கலாம், ஷாப்புக்கும் ஒரு நகல் அனுப்பலாம். பெயர் ஞானமுத்து, பன்னிரண்டாம் வீடு. பென்சில் ஒடிந்தபோது நாக்கு நுனி வரைக்கும் வந்து, மேஸ்திரியின் பீடிப் புகையில் நான் முழுங்கிய பதில் இதுதான். நாலாம் கேள்வியில் திருத்திக்கொள்ளவும்:

"ஒண்ணு இருக்குது கண்ணு. உன் பேரையே எழுதிக்கோ."