நல்லூர் மாடியில் ஒரு நீலக் குளம்

மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நல்லூரில் பாதி பனியன் கம்பெனிக்குக் கூரை போட்டது இந்தக் கைதான். கரிசல் மண்ணில் அஸ்திவாரம் நிற்காது என்றார்கள், நிறுத்தினேன். மழையில் கான்கிரீட் போடாதே என்றார்கள். போட்டேன், இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் பிற்பாடு ஊரே 'தொட்டி முதலாளி' என்று பேர் வைத்த மனுஷன் கேட்ட மாதிரி ஒரு வேலையை உலகத்தில் எவனும் எந்த மேஸ்திரியிடமும் கேட்டிருக்க மாட்டான்.

பனியன் கம்பெனிக்காரர். எண்பதுகளின் கடைசியில், வெளிநாட்டு வியாபாரி கொடுத்த காலண்டரில் மாடி நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டார்.

"மேஸ்திரி, நம்ம ஊட்டு மேலயும் ஒண்ணு வேணுங்க. ரோட்டுப் பக்கம் நாலடி நீட்டிக்கிட்டு நிக்கோணும்."

"உங்களுக்கு நீச்சல் தெரியுங்களா?"

"தெரியாதுங்க. குளம் வந்தாப் பழகிக்கலாமுங்க."

கோயமுத்தூர் இன்ஜினியர் ஒருத்தர் படம் போட்டுக் கொடுத்ததோடு சரி, வேலை நடந்த பக்கமே வரவில்லை. அந்தப் படத்தில் ரோட்டுப் பக்கம் நீட்டிய பகுதிக்குக் கம்பி அடிப்பக்கம் இருந்தது; அப்படியே கட்டியிருந்தால் பாரம் தாங்காமல் ஒடிந்து விழுந்திருக்கும். மேல்பக்கம் மாற்றிக் கட்டினவன் நான்.

நீல ஓடு பதித்துத் தண்ணீர் விட்ட மறுநாள் காலை, மாடியில் நீலத் தண்ணீர் என்று கேள்விப்பட்டுத் தெருவே கடப்பாரையோடு மாடி ஏறிவிட்டது. "நாங்க குடத்தோட நாயா அலையறோம், இவருக்கு மாடில திருட்டுச் சாயப்பட்டறை கேக்குதா?" என்றது ஓர் அம்மா. அது வாயில் வைக்க முடியாத போர்வெல் உப்புத் தண்ணீர். எவர் கேட்டார்?

எதிர்வீட்டு வேஸ்ட் துணி வியாபாரி பாய் ஒரு வெள்ளைப் பனியனை நீட்டினார். "முக்கிப் பாத்துருவமுங்க."

முக்கினார்கள். வெள்ளையாகவே வந்தது.

"சாயமில்லீன்னா என்னுங்க? இடிஞ்சு எங்க தலைல உளுந்தா?" என்று கடப்பாரையை ஓங்கினான் ஒருத்தன்.

தொட்டி முதலாளி வேட்டி சட்டையோடு குளத்தில் இறங்கினார். தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மூலைக்குப் போய், கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்.

"மேஸ்திரி கட்டுனதுங்க. உளுந்தா நானுஞ் சேந்துதான் உளுவேன்."

கீழே ஓடி, சரியாக அந்த மூலைக்கு அடியில் ரோட்டில் நின்றேன். மத்தியானம் வரைக்கும் அவர் மேலே, நான் கீழே. கூட்டம் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கலைந்தது. அவர் கைவிரல் எல்லாம் சுருங்கிப் போயிருந்தது.

அந்தத் தெருப் பிள்ளைகள்தான் பிறகு அதில் நீச்சல் பழகின. அவர் கடைசிவரை பழகவில்லை.

இப்போது அவருடைய மகன்கள் வாசலில் கல் பதித்திருக்கிறார்கள். மேலே அப்பா பேர், அடியில் இன்ஜினியர் பேர். இது என்ன நியாயம்? அந்தப் பேரைச் செதுக்கி எடுத்துவிட்டு என் பேரை வெட்டுங்கள். நீச்சல் தெரியாமல் என்னை நம்பித் தண்ணீரில் நின்றாரே, அந்த மனுஷனுக்கு அடியில் அன்றைக்கு நின்றவன் நான் ஒருத்தன்தான்.