தங்கள் வீட்டு நிலையைத் தட்டியது தொடர்பாக

கோமதியம்மன் துணை

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை

சம்பந்தி என்று கூப்பிட எனக்கு இன்னும் ஆசை விடாத, புளியங்குடி எலுமிச்சை மண்டி சபரிநாதன் அண்ணாச்சி அவர்களுக்கு, ஓய்வு பெற்ற நில அளவையர் குற்றாலநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி காந்திமதியம்மாளும் மகன் கைலாஷும் அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும், மதினி அவர்களும், செல்வி சிவப்ரியாவும், தங்கள் வாசல் நிலையும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். நிலை சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தங்களைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். முதலில் மணி அடித்து நின்றது, பிறகு மணியே அடிக்கவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கெல்லாம் ஒற்றை டிக்கோடு சரி. நெட் சரியில்லை போல என்று நான் சொன்னதற்கு, 'பிளாக் பண்ணியிருக்காங்க' என்று கைலாஷ் தன் அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அதனால்தான் தபால். காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்தது காந்திமதிதான். எதிரிலேயே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டு, எடுத்த எடுப்பிலேயே மன்னிப்புக் கேட்டு எழுதும்படி சொல்லுகிறாள். ஆகவே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அது முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். பூ வைக்கிற நல்ல நேரத்துக்குக் காத்துக்கொண்டு தங்கள் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம், கேசரி வந்தது, மிக்சர் வந்தது, காபி வந்தது, எல்லாமே நன்றாக இருந்தன, குறிப்பாகக் கேசரி. அப்போது தாங்கள் வாசல் நிலையைக் காட்டி, பாட்டனார் ரங்கூனிலிருந்து கப்பலில் ஏற்றிவந்த தேக்கு என்றும், இன்னும் நாலு தலைமுறைக்குக் கவலை இல்லை என்றும் சொன்னீர்கள். நான் மரியாதைக்காகத்தான் திரும்பிப் பார்த்தேன். பார்த்தால், காலண்டருக்குப் பின்னாலிருந்து பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு கிளம்பி, நிலையின் ஓரமாகவே இறங்கித் தரைக்குப் போகிறது. அண்ணாச்சி, நான் வாலிபம் முழுக்க வயல்காட்டில் சங்கிலி பிடித்து அளந்தவன். வரப்பை ஒருத்தன் ஒரு விரற்கடை தள்ளி வெட்டியிருந்தாலும் தூரத்தில் நின்றே சொல்லிவிடுவேன். இளையரசனேந்தல் பக்கம் கரிசல் காட்டில் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போயும் கிடைக்காத எல்லைக்கல்லை, கம்பியால் தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்ததற்கு எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் உண்டு. கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் கண்ணுக்கு முன்னால் பட்டா இல்லாமல் ஒரு ஆக்கிரமிப்பு நடக்கும்போது கேசரியைத் தின்றுகொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது?

எழுந்து போய் விரலை மடக்கித் தட்டினேன். மேலே தட்டியபோது நல்ல கட்டையான சத்தம், தங்கள் பாட்டனாரைக் குறை சொல்ல முடியாது. இடுப்பு உயரத்தில் தட்டினால் காலி பிஸ்கட் டின் மாதிரி இருந்தது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தரமும் தட்டினேன். அந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கலாம் என்பது காந்திமதியின் கட்சி. ஆனால் அரைகுறையாக அளந்துவிட்டு வருகிற பழக்கம் எனக்கு இல்லை. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கிற எங்கள் வீட்டுப் பூஜை அறைச் சாவியை எடுத்து, பழைய காலத்து நீளச் சாவி அது, மெதுவாக வைத்து அழுத்தினேன். கேசரியில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது. பாலிஷ் ஒரு தகடாக உரிந்து வந்தது, அதற்குப் பின்னால் மண், மண்ணுக்குப் பின்னால் தங்கள் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறவர்கள் வெள்ளை வெள்ளையாகக் கொட்டினார்கள். கீழே முக்காலியில் பூத்தட்டு இருந்ததை நான் கவனிக்கவில்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் போய் வாங்கி, காந்திமதி தன் கையால் கட்டிய பிச்சிப்பூ அவ்வளவும் அதில் இருந்தது. பதற்றத்தில் கையை எடுத்தேன், சாவி உள்ளே நழுவி, நிலைக்குள்ளேயே கீழே போய் விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

அப்போது தாங்கள், "பொண்ணுக்குப் பூ வைக்க வந்தீரா, நிலையத் தட்டிப் பாக்க வந்தீராவே?" என்று கேட்டீர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தங்கள் தங்கை அபசகுனம் என்று சொல்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒன்று, அத்தனை பேர் இருந்த கூடத்தில் சிவப்ரியா ஒருத்திதான் பக்கத்தில் வந்து, "சாவி உள்ள விழுந்துட்டா மாமா?" என்று கேட்டாள். மாமா என்றாள். வீட்டுக்கு வருகிற வாடகைக் காருக்குள் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் அந்த ஒரு வார்த்தையை நினைத்துச் சந்தோஷமாகவே வந்தேன்.

கோபத்தில் தாங்கள் கறையானை விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை எழுதுகிறேன். கறையான் வெளிச்சத்துக்கும் வராது, காற்றும் அதற்கு ஆகாது, அதனால் போகிற வழிக்கெல்லாம் மண்ணால் கூரை போட்டுக்கொண்டே போகும். மரத்தின் மேல்தோலைத் தொடாமல் உள்ளே இருப்பதைத் தின்றுவிடும், கடைசியில் பெயிண்டும் பாலிஷும் மட்டும் மரம் மாதிரி நின்றுகொண்டிருக்கும். மண்கோட்டை நடுவில் கொஞ்சம் உடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். சில நாளில் மறுபடி பூசியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பெயிண்ட் கொப்பளித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். நன்றாக இருந்த கதவு திடீரென்று இறுகினால் சந்தேகப்பட வேண்டும், மரத்தில் ஈரம் ஏறியிருக்கும். மழை விட்ட பிறகு வீட்டுக்குள் ஈசல் இறக்கை குவிந்து கிடந்தால், வெளியிலிருந்து வந்ததா, வீட்டுக்குள்ளிருந்தே புறப்பட்டதா என்று யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, ஈரம் இருக்கிற இடத்தைத் தேடித்தான் அது வரும், ஆகவே சுவரோரம் தண்ணீர் படவே கூடாது. சுவரும் தரையும் சேருகிற இடத்தில் துளை போட்டு மருந்து விடுகிறவர்கள் தென்காசியில் இருக்கிறார்கள், நம்பர் வேண்டுமானால் தருகிறேன். இவ்வளவும் நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, கண்ணால் பார்த்தே கற்றது.

எங்கள் வீட்டைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். இங்கும் பூஜை அறை நிலையில் பெயிண்ட் கொப்பளித்துத்தான் இருக்கிறது, அது பெயிண்டர் ராமசுப்பு ஈரம் காயாமல் அடித்த லட்சணம். கதவும் ஆடி மாதத்திலிருந்து இறுக்கம்தான், அது அந்தக் காலத்து ஆசாரி வேலை, அவ்வளவு நெருக்கம். போன மழைக்கு ஈசல் இறக்கையை முறத்தால் அள்ளினோம், அது காந்திமதி ஏற்றுகிற விளக்கைத் தரிசிக்க வந்த கூட்டம். இதையெல்லாம் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் முன்கூட்டியே சொல்லுகிறேன், ஏனென்றால் எங்கள் பூஜை அறையின் விசேஷமே வேறு.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரத்தில் பூஜை அறை நிலையின் அடியில் ஒரு சின்ன மண்மேடு எழும்பியிருந்தது. நாங்கள் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டும் தண்ணீரில் கரைத்துக் குடித்தும் வளர்ந்த குடும்பம். காந்திமதி பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோயிலுக்கு நாம் போவது போக, அம்மனே நம் வீடு தேடிப் புற்றாக வந்துவிட்டாள் என்றாள். எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து தினம் மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி ஒரு சிட்டிகை எடுத்துப்போய்ப் பிள்ளைக்குக் காய்ச்சல் நின்றது என்று சொன்னதும் தெருவே வந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளாளுக்குச் சுரண்டிக்கொண்டு போனாலும் ஒரு வாரத்துக்குள் பழையபடி வளர்ந்துவிடும், முன்னைவிட உயரமாகவும் வளரும். எடுக்க எடுக்க வளருகிறது அண்ணாச்சி, இது சாதாரண மண்ணா? இந்தத் தெருவில் கார் வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் வராதவள் ஒரு ரிட்டயர்டு சர்வேயர் வீட்டைப் பார்த்து வந்திருக்கிறாள். கூட்டம் தாங்காமல்தான் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். அந்தச் சாவிதான் இப்போது தங்கள் நிலைக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. ஆசாரியை வைத்து நிலையைப் பிரிக்கும்போது சாவியை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.

கைலாஷ் விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் வேலை, லீவைக் கூட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறான். சாப்பிடுகிறான், குளிக்கிறான், என்னோடு மட்டும் பேச மாட்டேன் என்கிறான். நேற்றுச் சாப்பிடும்போது ஒரே ஒரு தரம் வாயைத் திறந்து, "எல்லைக்கல்லக் கண்டுபிடிச்சீங்க, சரி. எனக்குப் பாத்த பொண்ண எங்கனப்பா தொலைச்சீங்க?" என்று கேட்டான். அவனுக்கு சிவப்ரியாவை ரொம்பப் பிடித்திருக்கிறது அண்ணாச்சி. நிலைக்காக ஒரு நல்ல சம்பந்தம் நின்றுபோனால் அதற்குப் பிறகு நான் எந்தச் சான்றிதழைப் பார்த்துச் சந்தோஷப்படுவது? பூவைக் காந்திமதி தூரப் போடாமல் ஃபிரிட்ஜில்தான் வைத்திருக்கிறாள். ஆகவே கோபத்தை விட்டு, மதினியையும் அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீடு பார்க்க வாருங்கள். எங்கள் வீட்டில் எந்த மரத்தை வேண்டுமானாலும் தட்டிப் பாருங்கள். ஒன்றாவது உள்ளீடில்லாமல் சத்தம் கொடுத்தால், இந்தக் குற்றாலநாதன் அதற்குப் பிறகு யார் வீட்டு நிலையையும் தொடமாட்டான். என் கண்ணுக்குத் தப்பி என் வீட்டுக்குள் ஒரு கறையான் நுழைந்துவிட முடியாது என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்லுகிறேன்.

மதினி அவர்களுக்கு என் மனைவியின் விசாரிப்பு. சிவப்ரியாவுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். தங்கள் தங்கை அவர்களுக்கும், கேட்டால் மட்டும், என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
குற்றாலநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் காந்திமதி, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அம்மனை இருட்டில் வைக்க முடியாது என்று சொல்லி, கைலாஷைக் கூப்பிட்டுக் கதவை மெதுவாகத் தள்ளச் சொன்னாள். அவன் தோளைத்தான் வைத்தான். கதவு திறக்கவில்லை. பூட்டியது பூட்டியபடியே, நிலையோடு சேர்ந்து, மரியாதையாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. சாமி படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலைக்கு உள்ளே மண்தான் இருந்தது, மரம் என்று சொல்ல ராமசுப்பு அடித்த பெயிண்ட் மட்டும். அறைக்குள் புற்று படங்களுக்குப் பின்னாலேயே சுவரோடு ஏறி, உத்தரம் வரை போயிருக்கிறது. போகிற வழியில் இருந்த இளையரசனேந்தல் சான்றிதழில் கண்ணாடியும் ஆணியும் மட்டும் பாக்கி. சிட்டிகை மண்ணுக்கு டப்பாவோடு வந்த இசக்கிசெல்வி டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டாள். நான் வாயே திறக்கவில்லை. காந்திமதி உத்தரம் வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா வந்தது நெசம்தான். உங்க வாய அடைக்கத்தான் வந்திருக்கா" என்றாள்.

கைலாஷ் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் சிரித்தான். நான் தடுப்பதற்குள் போட்டோ எடுத்து சிவப்ரியாவுக்கு அனுப்பியும்விட்டான். 'மாமா வீட்டு நிலையத் தட்டினது யாரு?' என்று உடனே பதில் வந்திருக்கிறது. தங்களுக்கும் காட்டியிருப்பாள். காந்திமதி இப்போது புதுப் பூ வாங்க மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள், நல்ல நேரத்தைத் தாங்களே பார்த்துச் சொல்லவும். வீடு பார்க்க எப்போது வந்தாலும் சரி, இப்போது வாசலில் நின்றாலே பூஜை அறை வரைக்கும் தெரிகிறது. சாவிக்காக ஆசாரியைச் சிரமப்படுத்த வேண்டாம். பூட்டு நன்றாக இருக்கிறது, கதவில்தான் இருக்கிறது, கதவு தரையில் இருக்கிறது. தென்காசிக்காரர்களை நான் வரச் சொல்லிவிட்டேன், முதலில் இங்கே முடித்துவிட்டு அப்படியே அங்கே வருவார்கள். மேலே எழுதியதில், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.