ஏழு மணி முதல் ஏழரை மணி வரை ரயில் ஓடாது

ஆவடி,
13-9-1992.

மதிப்பிற்குரிய மைத்துனர் செங்கல்வராயன் அவர்களுக்கு, சண்முகசுந்தரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கை ஜெகதாம்பாளும் உடல் அளவில் சுகமாக இருக்கிறோம். செய்யாற்றில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் எல்லா அளவிலும் சுகமாக இருக்க வேண்டும். உடல் அளவில் என்று நான் எழுதியதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். காரணத்தோடுதான் எழுதினேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கள் தங்கை ரேடியோ கேட்பதை நிறுத்தி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. நிறுத்தக் காரணம் நான். அவள் மறுபடியும் ரேடியோ கேட்க வேண்டும். அதற்குத் தாங்கள் அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். விஷயம் இவ்வளவுதான், மீதி எல்லாம் விளக்கம். ஆனால் இருபது வருடமாக ஃபாக்டரியில் பாகங்களை அளந்து பார்த்துத் தேறியது தேறாதது என்று முத்திரை குத்துகிற வேலை பார்ப்பவன் நான். விளக்கம் இல்லாமல் எதையும் யாரிடமும் கொடுத்துப் பழக்கமில்லை.

என் ரயிலைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். எழுபத்தொன்பதில் மூர் மார்க்கெட்டில் ஒரு இன்ஜினும் நான்கு பெட்டியும் வட்டமான ஒரு தண்டவாளமும் வாங்கி வந்தபோது, குழந்தைகள் இல்லாத வீட்டுக்கு இது எதற்கு என்று ஜெகதாம்பாள் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள். அப்போது அது ஒரு தாம்பாளம் அளவு இடத்தில் ஓடியது. இப்போது கூடத்தில் புறப்பட்டு, கட்டிலுக்கு அடியில் நுழைந்து, அரிசி டிரம்மைச் சுற்றிக்கொண்டு, சமையலறை வாசற்படியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. ஸ்டேஷன்கள் எல்லாம் நம் லைனில் உள்ளவைதான். கட்டிலுக்கு அடியில் அண்ணனூர், அரிசி டிரம் பக்கம் திருமுல்லைவாயில், சமையலறை வாசலில் அம்பத்தூர். இதில் தங்கள் தங்கையின் ஒத்துழைப்பை நான் மறைக்க மாட்டேன். "பெருங்காய டப்பா திருமுல்லைவாயில் கிட்ட இருக்கு, எடுத்துக் குடுங்க" என்று சாதாரணமாகச் சொல்வாள். அம்பத்தூரைத் தாண்டாமல் சமையலறைக்குள் போக முடியாது என்பதால், பதின்மூன்று வருடமாகச் சோற்றுப் பானையைக் கையில் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கிறாள். ஒரு நாள்கூட ஸ்டேஷன் மாஸ்டரை மிதித்ததில்லை. நான் இரண்டு முறை மிதித்திருக்கிறேன்.

அவளுக்கு ரேடியோ. சினிமாப் பாட்டு கேட்கிற ரகம் அல்ல. சிற்றலையில் வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்புகளைத் தேடிப் பிடித்து, இன்ன தேதி இன்ன நேரத்தில் உங்கள் ஒலி எங்கள் ஊரில் இப்படிக் கேட்டது என்று அவர்களுக்கு எழுதிப் போடுவாள். அவர்கள் நன்றி சொல்லி வண்ண அட்டையும் காலண்டரும் அனுப்புவார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி நாம் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குக் கடல் தாண்டி இருக்கிற மனிதர்கள் "அன்புள்ள சகோதரி" என்று எழுதுகிறார்கள். நாம் என்று எழுதிவிட்டேன். கட்டிக் கொடுத்தது தாங்கள், கட்டிக்கொண்டது நான்.

இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? ரயில் ஓடும்போது ரேடியோ கரகரத்தது. நான் ஆராய்ந்து பார்த்து, இன்ஜின் மோட்டாரில் பொறி பறப்பதால் வருகிற இரைச்சல் இது என்று தீர்ப்புச் சொன்னேன். எண்பதாம் வருடம் ஒரு ஒப்பந்தம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, சமையலறைக் கதவின் பின்னால் ஒட்டினோம். ஒரே ஒரு ஷரத்துதான்: மாலை ஏழு மணி முதல் ஏழரை மணி வரை ரயில் ஓடாது. பன்னிரண்டு வருடத்தில் நான் அதை ஒரு முறைகூட மீறியதில்லை, இரண்டு முறை தவிர. அந்த அரை மணி நேரம் நான் வேறு எதையும் செய்ய முடியாமல் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒலிபரப்பு முடிவதற்காக உட்கார்ந்திருப்பேன். இதைத் தியாகம் என்று நான் சொல்லவில்லை. தாங்கள் சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

மீறிய இரண்டாவது முறைதான் வினையாகிப் போனது. ஆகஸ்ட் முதல் வாரம் புது இன்ஜின் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தே நிமிடம். தங்கள் தங்கை சண்டை போடவில்லை. உண்மையைத்தானே எழுத வேண்டும் என்று ரேடியோக்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில் இப்படிக் குறித்துவிட்டாள்: "7.04க்கு அம்பத்தூரில் புறப்பட்ட ரயிலால் இடைஞ்சல். 7.06க்கு அண்ணனூர் தாண்டியது. 35433." அந்த ஐந்து எண்களும் சத்தம் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று போடுகிற மார்க். கவரின் பின்னால் கௌரவத்துக்காக என் பெயரையும் என் செக்‌ஷனையும் ஃபாக்டரி முகவரியையும் எழுதியிருந்தாள். தபால்தலை போதாமல் கடிதம் ஃபாக்டரிக்கே திரும்பி வந்துவிட்டது. தபால்தலை ஒட்டியவன் நான்.

ராணுவத்துக்குத் தளவாடம் செய்கிற ஃபாக்டரி. அயல்நாட்டு முகவரி போட்ட கடிதம். செக்யூரிட்டி ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, என் கையாலேயே பிரிக்கச் சொல்லிப் படித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"இது என்ன நம்பர்?"

"ரேடியோ மார்க் சார்."

"வெளிநாட்டுக்கு ரயில் டைம் எதுக்கு எழுதறீங்க? இது யாரோட ரயில்?"

"என் ரயில் சார்."

"உங்க ரயிலா?"

"ஆமா சார். கட்டிலுக்கு அடியில ஓடுது."

அன்று மாலையே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி ஜெகதாம்பாளிடம் கொடுத்துவிட்டு, கூடத்தில் குப்புறப் படுத்து அண்ணனூரைப் பார்வையிட்டார். ரயிலை ஓட்டிக் காட்டச் சொன்னார். பிறகு தானே ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். நாற்பது நிமிடம் ஓட்டினார். காபி சாப்பிட்டுவிட்டு, ஒரு காலண்டரும் வாங்கிக்கொண்டு, இனிமேல் ஃபாக்டரி முகவரியைப் போட வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். அத்தோடு விஷயம் முடிந்தது. முடிந்திருக்க வேண்டும்.

நான்தான் முடியவிடவில்லை. அவர் ஜீப் திரும்பியதும் என் பயமெல்லாம் கோபமாகிவிட்டது. "உன் பைத்தியக்காரத்தனத்தால என் வேலையே போயிருக்கும். நாளையிலேர்ந்து அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடு!" என்று கத்தினேன். பக்கத்து குவார்ட்டர்ஸில் விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். தங்கள் தங்கை "சரிங்க" என்றாள். பதினாறு வருடத்தில் அவள் எனக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னது அதுதான் முதல் முறை.

மறுநாள் நான் வேலை விட்டு வந்தபோது அலமாரியில் ரேடியோ இருந்த இடம் காலி. கீரை விற்கும் குப்பம்மா வாசலில் என்னை மடக்கினாள். "இன்னா சார், ஊட்ல எதுனா சண்டையா? அம்மா ரேடியோவத் துண்டுல சுத்திகினு மார்க்கெட்டாண்ட போய்கினு இருந்தாங்க. மூஞ்சே சரியில்ல. எங்கம்மா போறீங்கன்னு கேட்டதுக்குத் திரும்பிக்கூடப் பாக்கல சார்" என்றாள். விற்றுவிட்டாள், மச்சான். அல்லது யாருக்காவது கொடுத்துவிட்டாள். நான் தூக்கிப் போடச் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

அன்றைக்கே ரயிலை நிறுத்திப் போர்வை போட்டு மூடிவிட்டேன். அவள் ரேடியோ இல்லாமல் இருக்கிற வீட்டில் நான் மட்டும் எந்த முகத்தோடு ரயில் விடுவது? காய் நறுக்கித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். பீன்ஸைக் கருவி வைத்து அளந்து, ஒரே நீளத்தில் நறுக்கினேன். சாப்பாடு ஒன்பது மணிக்கு ஆனது. ஒட்டடை அடித்தேன். தண்ணீர் பிடித்து வைத்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஏழு மணி ஆனால்தான் கஷ்டம். நான் பழக்கத்தில் அலமாரி பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே எதுவும் இல்லை. அவள் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவுகிறாள். ஏழிலிருந்து ஏழரை வரை என்ன செய்வது என்று இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. என்னால் தாங்க முடியவில்லை, மச்சான்.

அவளிடமே கேட்டுவிடலாமே என்பீர்கள். நான்கு முறை வாயைத் திறந்தேன். நான்கு முறையும் ரேஷன் மண்ணெண்ணெய் பற்றித்தான் பேச்சு வந்தது.

ஆகையால் தாங்கள் அவளுக்கு எழுதும் கடிதத்தில், "இப்போதெல்லாம் ரேடியோ கேட்கிறாயா? வெளிநாட்டுக்காரர்கள் என்ன அனுப்பினார்கள்? அதை விட்டுவிடாதே" என்று தாங்களாகவே கேட்பது போல எழுத வேண்டும். என் பெயர் வரக் கூடாது. புது ரேடியோ நான் வாங்கி வைத்துவிடுவேன், அவள் அதைத் தொட வேண்டும், அவ்வளவுதான். என் ரயில் இருக்கும்வரை அவளுக்கு நிம்மதி இருக்காது என்று தங்களுக்குத் தோன்றினால், அதையும் எழுதுங்கள். தண்டவாளத்தைக் கழற்றி, அண்ணனூர் அம்பத்தூர் உட்பட டிரங்குப் பெட்டியில் வைத்துத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுகிறேன். யோசித்துத்தான் எழுதுகிறேன். பெட்டியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் எழுதியது அவளுக்குத் தெரியவே கூடாது. வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லவும். தங்களுக்கு மூட்டு வலி குறைந்து, மாடிப்படி ஏறுகிற பாக்கியம் கிடைக்கட்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சண்முகசுந்தரம்.

பின்குறிப்பு: அண்ணா, இதை எழுதுவது ஜெகதா. வீட்டில் கோந்து தீர்ந்துவிட்டது. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டித் தபாலில் போடு என்று கவரை என்னிடமே கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். கடிதம் கனமாக இருந்தது. படித்துவிட்டேன்.

ரேடியோவை நான் விற்கவில்லை. அவர் கத்தின மறுநாள் காலையில் போட்டுப் பார்த்தேன், அது பேசவில்லை. எனக்கு வந்த ரோஷம் அதற்கும் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். மார்க்கெட்டில் வேம்புலி என்பவர் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் கோபத்தில் அவரிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒட்டடை அடிக்க ஆரம்பித்தார். பரண் பாக்கி இருந்தது, அதுவும் முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போய் வாங்கி வந்தேன். வேம்புலி என்ன சொன்னார் தெரியுமா? "இன்னாமா, பன்னெண்டு வருசமா இந்தக் கரகரப்போடவா கேட்டுகினு கீறீங்க? உள்ள ஒரு ஒயரு வாங்கறப்பவே லூசா இருந்துகீது, தரை லேசா அதிர்ந்தா கரகரங்குது. ரயிலு மேல ஏம்மா பழி போடறீங்க?" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் ஃபாக்டரியில் இருந்த நேரம் போர்வையை எடுத்துவிட்டு நானே ரயிலை ஓட்டினேன். ஓட்டத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது. ரயில் மூன்று தரம் அம்பத்தூர் போய்த் திரும்பியது. ரேடியோவும் பாடிக்கொண்டே இருந்தது. ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை.

ரேடியோவைப் பழைய புடவைக்குள் வைத்திருக்கிறேன். அவர் கேட்ட கடிதத்தை நீங்கள் அப்படியே எழுதிப் போடுங்கள். வந்ததும் எடுத்து வைக்கிறேன். பிள்ளைகளுக்கு ரயிலை அனுப்பச் சொல்லி மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் வேம்புலி சொன்னது உங்களோடு இருக்கட்டும். மற்ற நேரமெல்லாம் அவர் தரையில் படுத்துத் திருகாணி தேடுகிறவர். ஏழிலிருந்து ஏழரை வரைக்கும்தான் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்கிறார். ரயிலால்தான் இரைச்சல் என்றே இருக்கட்டும், அண்ணா.