மூன்று தரம் தலையாட்டினேன்

கூச்சக்காரர்களுக்குக் கடவுள் நாக்குக்குப் பதிலாகக் கழுத்தைக் கொடுத்திருக்கிறார் என்பது என் முடிவு. ஓம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் இடமும் வலமும். இந்த இரண்டு அசைவை வைத்துக்கொண்டே நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன், வேலைக்குச் சேர்ந்தேன், முப்பத்தெட்டு வயது வரை ஒரு குறையுமில்லாமல் வாழ்ந்தேன். (கலியாணம் மட்டும் ஆகவில்லை. அதைக் குறை என்று அக்கா சொல்வா, நான் சொல்லமாட்டேன்.)

அப்படிப்பட்டவனுக்குக் கழுத்துப் பிடித்தது.

திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன்காரருக்குக் கை காட்டுவது என் வேலை. கொக்கி மேலே போனால் நானும் மேலே பார்க்க வேண்டும், பாரம் கீழே வந்தால் நானும் கீழே. பதினொரு வருடம் அண்ணாந்த கழுத்து, பன்னிரண்டாம் வருடம் இனி ஏலாது என்று சொல்லிவிட்டது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கப்பல் திரும்புவதுபோல முழு உடம்போடும் திரும்புவேன். செருப்பைக் குனிந்து தேட முடியாது, காலால் தடவித்தான் கண்டுபிடிப்பேன்.

எண்ணெய், பற்று, மாத்திரை எல்லாம் தோற்ற பிறகு, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த பிசியோ மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். சின்னப் பிள்ளை. கையில் ஓட்டப்போட்டிக்குப் பிடிக்கிற மணிக்கூடு ஒன்று.

“தலையைத் திருப்ப வேண்டாம் ஐயா. கண்ணை மூடிக்கொண்டு, திருப்புற மாதிரி நினையுங்கோ. தொடங்கேக்கயும் முடிக்கேக்கயும் எனக்குச் சொல்லுங்கோ.”

சும்மா நினைக்கிறதுதானே, இதிலும் ஒருவன் பெயிலாவானா என்று கண்ணை மூடினேன். தொடங்கினேன். பாதியில் பிடித்துக்கொண்டது.

“மிஸ், கொழுவீட்டுது.”

“எங்க?”

“நினைப்பிலதான்.”

மிஸ் சிரிக்கவில்லை. கன நாள் கழுத்து நோ உள்ளவர்களுக்கு இப்படி வருமாம். அசையாமல் இருந்து இருந்து மூளைக்கே அந்த அசைவு மங்கிப்போகுமாம். முதலில் நினைப்பில் பழக்கினால் பிறகு கழுத்து பயப்படாமல் அசையுமாம். அடுத்த முறை கொழுவவில்லை, தலை நன்றாகத் திரும்பியது. ஆனால் திரும்பியது என் தலையில்லை, எங்கள் மாமாவின் தலை. ஏன் மாமா வந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“மற்றவர் திருப்புறதைப் படம் மாதிரிப் பார்க்கிறதில்ல ஐயா. உங்கட கழுத்துக்குள்ள அது தெரியோணும்.”

நானும் விடவில்லை. கிரேன் பழுதாகி நிற்கும் நேரம், பஸ்ஸில் இருக்கும் நேரம், ஆமிக்காரரின் சோதனைச் சென்றியில் வரிசையில் நிற்கும் நேரம் எல்லாம் நினைப்பில் தலையைத் திருப்பினேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். இரண்டு மாதத்தில் மாமா போய்விட்டார். நாடி நெஞ்சில் படுவதும் பிடரி இழுபடுவதும் அப்படியே தெரிந்தது. உண்மைக் கழுத்தும் ஒரு விரற்கடை இளகியது. மிஸ் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, “நீங்கள் சரியான கெட்டிக்காரன்” என்றா. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு என்னை யாரும் கெட்டிக்காரன் என்றதில்லை. தலைக்கேறிவிட்டது.

இந்தத் தலைக்கனத்தோடுதான் நான் பொம்பிளை பார்க்கப் போனேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது சரியில்லை. அதனால் இரண்டு பகுதியும் தற்செயலாக வந்ததுபோலக் கோயிலில் சந்திப்பார்கள். பிடித்தால் கதை நடக்கும், பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டதோடு சரி. பொம்பிளையின் பெயர் வதனி. கந்தளாயில் பாலர் பாடசாலை ரீச்சர், முப்பத்திநாலு வயது. கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு அண்ணனோடு வந்திருந்தா. ஒரு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். பாதை எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இன்னொரு நாள் வாருங்கள் என்று கேட்க ஏலாது.

“பிடிச்சிருந்தால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டு” என்றா அக்கா. “நான் போய்த் தமையனோட கதைக்கிறன். பிடிக்காட்டி சும்மா நில். விளங்குதோ?”

விளங்கியது. நான் ஒரு தூணைப்போல நின்றேன். வதனி அருச்சனைத் தட்டோடு வந்தா. அந்தக் கோட்டைக்குள் மான்கள் சுதந்திரமாகத் திரியும். ஒரு கிழட்டு மான் நேரே வந்து தட்டிலிருந்த வாழைப்பழத்தில் வாயை வைத்தது. வதனி கத்தவுமில்லை, ஓடவுமில்லை. பழத்தின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு, “விடுங்கோ, இது சாமிக்கு வச்சது. வரேக்க தாறன்” என்று மானுக்கு மரியாதையாகச் சொன்னா. மான் விட்டுவிட்டது. வரும்போது சொன்னபடி கொடுத்தா.

எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. அக்காவைப் பார்த்தேன். அழுத்தமாகத் தலையாட்டினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. இன்னொரு தரம் ஆட்டினேன். அக்கா புருவத்தைத் தூக்கினா. (இவவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன்.) மூன்றாம் தரம் நாடி நெஞ்சில் படும்வரை ஆட்டினேன். கொஞ்சமும் நோகவில்லை. மிஸ்ஸுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அக்கா போய் வதனியின் அண்ணனோடு இரண்டு வார்த்தை கதைத்தா. அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் பாட்டொன்றை முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தேன். அக்கா எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தா. வந்ததும் குசினிக்குள் சட்டிகளை அடித்து வைத்தா.

“அந்தப் பிள்ளைக்கு என்னடா குறை?”

“ஒரு குறையுமில்ல. எப்ப நாள் வைக்கிறது?”

“என்ன நாள்? வேண்டாமெண்டு நிண்டாய்! உனக்கு இப்ப எண்ணமில்லையாம் எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்!”

“நான் மூண்டு தரம் தலையாட்டினனான்!”

“கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நிண்டனான். அங்க மரத்தில இலை ஆடிச்சுது, மானின்ர வால் ஆடிச்சுது. நீ ஆடேல்ல!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோகாததன் காரணம் கழுத்துக் குணமானதல்ல, நான் அசையவேயில்லை. இரண்டு மாதப் பயிற்சியில், தலையாட்டுவது என்றால் மனதுக்குள் ஆட்டுவது என்று உடம்பு பழகிவிட்டது.

மணி ஒன்று பத்து. பஸ் போயிருக்கும். ஆனால் பாலையூற்றுப் பக்கத்துச் சென்றியில் எல்லாரையும் இறக்கிச் சோதிப்பார்கள், அரை மணித்தியாலம் ஆகும். சைக்கிளை எடுத்தேன். பக்கத்தில் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க முடியாதவன் கண்டி வீதியில் சைக்கிள் ஓடுவது எப்படி என்று கேட்கவேண்டாம். மற்றவர்கள்தான் விலகினார்கள்.

பஸ் நின்றது. பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. வெயிலில் அடையாள அட்டையோடு நின்றார்கள். வதனி மூன்றாவது ஆள். சைக்கிளைப் போட்டுவிட்டு நேரே போய் அவவுக்கு முன்னால் நின்றேன். வாய் திறக்கவில்லை. (திறந்திருந்தால்தான் அதிசயம்.) இந்த முறை பிழைவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடு, உண்மையாகத் தலையாட்டினேன். பிடரியில் மடக்கென்று ஒரு சத்தம். நோ விரல் நுனி வரைக்கும் ஓடியது.

வரிசை முழுக்க மூச்சு நின்றது.

அந்த நாட்களில் சுற்றிவளைப்பு என்றால் சனத்தை வரிசையில் நடக்க விடுவார்கள். முகத்தை மூடிய ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் யாரைக் கண்டு தலையாட்டினானோ அவரைக் கொண்டுபோவார்கள். அவனுக்குத் தலையாட்டி என்றே பெயர். அப்படிப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. இதெல்லாம் தெரிந்த நான், துவக்கோடு நின்ற ஆமிக்காரனுக்கு முன்னால், வரிசையில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன்.

“நீ வெளிய வா” என்று ஆமிக்காரன் வதனியை இழுத்து நிறுத்தினான். என்னிடம், “இவ கொட்டியா?” என்றான். புலியா என்று கேட்கிறான். பாய்ந்து வந்த அண்ணனை இன்னொருவன் பிடித்துக்கொண்டான்.

“பாவி, வேண்டாமெண்டால் விட்டிருக்கலாமே! காட்டியும் குடுக்கிறியோ?” என்று அண்ணன் கத்தினார்.

வதனியின் முகம் சாம்பலாக இருந்தது. மானோடு இழுபட்ட கை அடையாள அட்டையை இறுக்கிப் பிடித்தது. அதைக் கண்டதும் முப்பத்தெட்டு வருடமாக உள்ளே கிடந்த குரல் ஒரேயடியாக வெளியே வந்தது.

“ஐயோ சேர், அந்தத் தலையாட்டு இல்ல! எனக்கு இவவைப் பிடிச்சிருக்கு! கலியாணம் கட்டக் கேட்டு வந்தனான்!”

கொண்டக்டர் ஓடிவந்து சிங்களத்தில் சொன்னார். ஆமிக்காரன் நம்பவில்லை. துறைமுகப் பாஸைக் காட்டினேன். கிளினிக் அட்டையைக் காட்டினேன். கழுத்து, மிஸ், நினைப்பு, மூன்று தரம் என்று வெயிலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கொண்டக்டர் பாதியில் சிரிப்பை அடக்க ஏலாமல் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தார். ஆமிக்காரன் என் கழுத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். நான் போட்ட சத்தத்தில் நம்பிவிட்டான். வதனியைப் பார்த்து, உண்மையா என்று கேட்டான்.

“முதல்ல என்ர அண்ணாவை விடச் சொல்லுங்கோ” என்றா வதனி. விட்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பினா.

“கோயில்ல வேண்டாமெண்டீங்கள். இஞ்ச பிடிச்சுக் குடுக்கப் பார்த்தீங்கள். இதைவிட என்ன செய்ய மிச்சம் இருக்கு?”

“ஒண்டுமில்ல” என்றேன்.

வரிசையின் கடைசியில் நின்ற ஒரு அம்மா, “பிள்ளை, ஓமெண்டால் ஓமெண்டு சொல்லு, வெயில் கொளுத்துது!” என்றா. பஸ் முழுக்கச் சிரித்தது. வதனியும் சிரித்தா. கண்ணில் தண்ணீரும் இருந்தது.

“வாயால கேட்டபடியால் ஓம்” என்றா. “தலையாட்டினதுக்கில்ல.”

அந்த ஒரு ஆட்டுக்கு ஒன்பது நாள் கழுத்தில் பட்டி போட்டிருந்தேன். பிசியோ மிஸ் தன் தலையில் கையை வைத்துக்கொண்டு, “நினைச்சுப் பழகினபிறகு உண்மையாயும் செய்யோணும் எண்டு சொன்னனான்தானே ஐயா” என்றா. (சொன்னவதான். கெட்டிக்காரன் என்றதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை.) கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் நான் அடையாள அட்டைக்கு இருப்பதுபோல நேரே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கழுத்து பரவாயில்லை. பெயர்தான் கெட்டுப்போய்விட்டது. எங்கள் வீட்டில் நான் ஒரு வேலையைச் செய்தேன் என்று சொன்னால், “மனசுக்குள்ளயோ, வெளியிலயோ?” என்று மகள்கூடக் கேட்பாள். போன கிழமை வதனி குசினியில் ஒழுகும் பைப்பைத் திருத்தியாயிற்றோ என்று கேட்டா. “அப்பவே திருத்தீட்டன்” என்றேன், முழு நம்பிக்கையோடு. அவ ஒரு வாளியைக் கொண்டுவந்து பைப்புக்குக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனா.

மத்தியானத்துக்குள் வாளி நிரம்பிவிட்டது.